வட்டியின் கடிவாளம்

ஒரே வீட்டில் ஒரே செய்தி இரண்டு விதமாகக் கேட்கப்படுவது உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், "டிபாசிட்டுக்கு வட்டியைக் குறைத்துவிட்டார்களாமே! இனி மருந்துச் செலவுக்கு என்ன செய்வது?" என்று பெருமூச்சு விடுகிறார். அடுத்த அறையில் அவருடைய மகன், "அப்பாடா! வீட்டுக் கடன் தவணையில் கொஞ்சம் குறையும்" என்று நிம்மதி அடைகிறார். தகப்பனாரின் துக்கமும் பிள்ளையின் சந்தோஷமும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை. இருவரும் தங்கள் ஊர்ப் பாங்கின் மானேஜரை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். பாவம், அந்த மானேஜருக்கு இதில் அதிக சம்பந்தம் இல்லை. மும்பையில் ரிசர்வ் பாங்கின் தலைமைக் காரியாலயத்தில் ஆறு பேர் கூடி ஓர் எண்ணைத் தீர்மானம் செய்கிறார்கள். அந்த எண் அங்கிருந்து புறப்பட்டு, நாடெங்குமுள்ள பாங்குகளின் கணக்குப் புத்தகங்கள் வழியாக, நமது வீட்டுக் கூடம் வரை வந்து சேர்கிறது.

இது விளையாட்டு விஷயமல்ல. 30 லட்சம் ரூபாயை 20 வருஷத் தவணையில் கடன் வாங்கியவர், வட்டி எட்டரை சதவிகிதமானால் மாதம் சுமார் 26,000 ரூபாய் கட்டுகிறார். ஒன்பதரை சதவிகிதமானால் சுமார் 28,000 ரூபாய். ஒரு சதவிகித வித்தியாசம் 20 வருஷத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு அதில் அடங்கும். ஆகவே அந்த எண்ணை யார் தீர்மானிக்கிறார்கள், எந்த அதிகாரத்தின் பேரில் தீர்மானிக்கிறார்கள், அது மற்ற வட்டிகளை எவ்விதம் இழுத்துச் செல்கிறது என்பதைக் குடும்பஸ்தர்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம். இந்த எண்ணின் பொருட்டு நமது தேசத்தில் இரண்டு கவர்னர்கள் பதவியை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஏரியும் மதகும்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரிசர்வ் பாங்கு நமக்குக் கடன் கொடுப்பதில்லை; நம்மிடம் டிபாசிட் வாங்குவதுமில்லை. அப்படியிருக்க, நமது வட்டி அதன் பேச்சைக் கேட்பானேன்?

பாங்குகளுக்கும் ஒரு பாங்கு வேண்டும் என்பதிலிருந்து இந்தக் கதை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பாங்கும் தான் வாங்கிய டிபாசிட்டுகளில் ஒரு பகுதியை ரிசர்வ் பாங்கில் ரொக்க இருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாங்குகள் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டிய பாக்கியைத் தீர்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கின் மூலமாகவே. ஒரு நாள் மாலையில் கணக்குப் பார்க்கும்போது, ஒரு பாங்குக்கு வந்ததைக் காட்டிலும் போனது பத்துக் கோடி அதிகமாயிருக்கும். இன்னொரு பாங்கில் பத்துக் கோடி உபரியாயிருக்கும். முன்னது பின்னதிடம் ஓர் இரவுக்குக் கடன் கேட்கும். வட்டி என்ன என்பது அவர்களுக்குள் பேரம்.

இந்த இடத்தில்தான் ரிசர்வ் பாங்கு கடிவாளத்தைப் பிடிக்கிறது. "பணம் அதிகமாயிருந்தால் என்னிடம் போட்டு வை, இன்ன வட்டி தருகிறேன், குறைவாயிருந்தால் சர்க்கார் கடன் பத்திரத்தை ஈடு வைத்து வாங்கிக்கொள், இன்ன வட்டி கொடு" என்று அது இரண்டு பக்கத்திலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் ரிசர்வ் பாங்கு அறிவித்த விகிதங்களை எடுத்துக்கொள்வோம். பணம் போட்டு வைத்தால் 5.25, அவசரத்துக்குக் கடன் வாங்கினால் 5.75, நடுவே 'ரெப்போ' எனப்படும் பிரதான விகிதம் 5.50. ரிசர்வ் பாங்கே 5.25 தரும்போது, அதற்குக் குறைவாக மற்றொரு பாங்குக்குக் கடன் கொடுக்க எவருக்குப் பைத்தியம்? ரிசர்வ் பாங்கிலே 5.75-க்குக் கிடைக்கும்போது, அதற்கு மேல் கொடுத்து வேறிடத்தில் வாங்குவதற்குத்தான் யார் சம்மதிப்பார்கள்? ஆகையால் ஓரிரவு வட்டியானது இரண்டு கரைகளுக்கிடையே ஓடும் வாய்க்கால் போல் அடக்கமாக ஓடுகிறது. கரைகளை மேலே நகர்த்தினால் வட்டியும் ஏறும்; கீழே இறக்கினால் அதுவும் இறங்கும்.

கரை கட்டினால் மட்டும் போதாது. வாய்க்காலில் தண்ணீரின் அளவையும் கவனிக்க வேண்டும். இதற்கு ரிசர்வ் பாங்கு கடைவீதியில் இறங்கிச் சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்குகிறது, அல்லது விற்கிறது. வாங்கும்போது அதற்குரிய பணத்தை எங்கிருந்து எடுக்கிறது? எங்கிருந்தும் எடுப்பதில்லை. விற்ற பாங்கின் கணக்கில் வரவு எழுதுகிறது, அவ்வளவுதான். எழுதிய மாத்திரத்தில் பணம் உண்டாகிவிடுகிறது. உலகத்தில் வேறு யார் இப்படி எழுதினாலும் சிறைக்குப் போக நேரிடும். பத்திரத்தை விற்றாலோ பணம் ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. மத்திய பாங்கை ஏரி என்றும், மற்றப் பாங்குகளை வாய்க்கால்கள் என்றும், மேற்படி விகிதத்தை மதகு என்றும் வைத்துக்கொண்டால், வாசகர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

ஓரிரவு வட்டி ஏறினால் இருபது வருஷக் கடனின் வட்டி ஏன் ஏற வேண்டும்? பாங்கு தன் பணத்துக்குக் கொடுக்கும் விலை ஏறினால் அதைக் கடன்காரரிடம் வசூலிக்கத்தானே பார்க்கும்! நமது நாட்டில் 2019 அக்டோபர் முதல் வீட்டுக் கடன் போன்ற மாறும் வட்டிக் கடன்களைப் பாங்குகள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் பிணைத்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதற்கு முன்பு, ரிசர்வ் பாங்கு விகிதத்தை ஏற்றினால் பாங்குகள் மறுநாளே ஏற்றுவதும், இறக்கினால் மாதக்கணக்காக யோசிப்பதும் வழக்கமாயிருந்தன. இவ்விஷயத்தில் பாங்குகளின் காது ஒரு பக்கம் மட்டும் கூர்மையானது போலும்!

இன்னொரு வழியும் உண்டு. வருஷத்துக்கு மூன்று ரூபாய் வட்டி தரும் நூறு ரூபாய்க் கடன் பத்திரம் ஒன்று, அசலைத் திருப்பித் தரும் தேதி குறிப்பிடாதது, நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைவீதியில் வட்டி மூன்று சதவிகிதமாயிருக்கும் வரையில் அதன் விலை நூறு ரூபாய். வட்டி மூன்றரை ஆகிவிட்டால், அந்த மூன்று ரூபாய் வருமானத்துக்கு யாரும் 85 ரூபாய் 70 காசுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். வட்டி ஏற ஏறப் பத்திரத்தின் விலை இறங்கும். பாங்குகள், இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனங்கள், தர்ம ஸ்தாபனங்கள் எல்லாவற்றின் ஆஸ்தியும் இந்தத் தராசில் ஏறி இறங்குகிறது. அரை சதவிகிதத்துக்காக மந்திரிகளும் கவர்னர்களும் மனஸ்தாபம் கொள்வதன் காரணம் இப்போது ஓரளவு விளங்கும்.

ரிசர்வ் பாங்கு வருவதற்கு முன்பு

1935-க்கு முந்திய காலத்தில் நம் நாட்டு வட்டிக்கு யஜமானன் இருந்ததில்லை. பருவம் ஒன்றே அதற்கு யஜமானன். ஐப்பசி, கார்த்திகையில் அறுவடை ஆரம்பித்தால் நெல்லும் பஞ்சும் சணலும் கிராமங்களிலிருந்து துறைமுகங்களை நோக்கிப் புறப்படும். அவற்றை வாங்குவதற்குப் பணம் நகரங்களிலிருந்து கிராமங்களுக்குப் போகும். பணம் கிராக்கியாகிவிடும், இம்பீரியல் பாங்கின் வட்டி ஏழு, எட்டு சதவிகிதம் என்று ஏறிவிடும். சித்திரைக்குப் பிறகு பணம் திரும்பி வந்து பெட்டிகளில் தூங்கும். வட்டியும் நாலு, மூன்று என்று இறங்கும். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று பிரஸிடென்ஸி பாங்குகளையும் 1921-ல் ஒன்று சேர்த்து இம்பீரியல் பாங்கை உண்டாக்கியும் இந்த ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. நோட்டு அச்சடிக்கும் அதிகாரம் சர்க்காரிடம் ஒரு பக்கமும், கடன் கொடுக்கும் வேலை பாங்குகளிடம் மற்றொரு பக்கமுமாக இருந்ததே அதற்குக் காரணம்.

இந்த இடத்தில் நமது நகரத்தார் நினைவுக்கு வருகிறார்கள். பர்மாவில் லேவாதேவி செய்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூன் நகரில் தங்கள் கோவிலிலே மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய 'நடப்பு வட்டி'யைத் தீர்மானித்துவந்தார்கள். பண நெருக்கடி எவ்வளவு, சரக்கு நடமாட்டம் எப்படி, பாங்குகள் என்ன கேட்கின்றன என்பதையெல்லாம் ஆலோசித்து ஓர் எண் சொல்லப்படும். மறுநாள் கடைகளெல்லாம் அதன்படி கணக்கு எழுதும். சந்நிதியில் நிர்ணயமான அந்த வட்டிக்கும் இன்று மும்பையில் நிர்ணயமாகும் வட்டிக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. நகரத்தார் பணம் இருக்கும் நிலைமையைப் பார்த்து எண்ணைச் சொன்னார்கள். மத்திய பாங்கு எண்ணைச் சொல்லிவிட்டு, அதற்குத் தக்கபடி பணத்தை உண்டாக்கவோ ஒழிக்கவோ செய்கிறது.

1935 ஏப்ரல் 1-ந் தேதி ரிசர்வ் பாங்கு ஆரம்பமாயிற்று. ஜூலையில் 'பாங்க் ரேட்' என்னும் அதன் கடன் வட்டி மூன்றரை சதவிகிதமென்று அறிவிக்கப்பட்டது. நவம்பரில் மூன்றாகக் குறைந்தது. அப்புறம் 16 வருஷம் அது அசையவே இல்லை.

முதல் கவர்னரும் ஒரு கையெழுத்தும்

முதல் கவர்னர் ஸர் ஆஸ்பர்ன் ஸ்மித் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாங்கு நிபுணர்; அதற்கு முன் இம்பீரியல் பாங்கை நிர்வகித்தவர். தாம் ஒரு பாங்கின் தலைவரென்று அவர் எண்ணினார். தங்கள் காரியாலயத்தின் ஒரு கிளைக்கே அவர் தலைவரென்று டில்லியிலிருந்த வெள்ளைக்கார நிதி அதிகாரிகள் எண்ணினார்கள். ரூபாயின் நாணய மாற்று விகிதத்தைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் அவருக்கும் சர்க்காருக்கும் அபிப்பிராய பேதம் முற்றியது. தவணை முடிவதற்கு முன்பே 1937-ல் அவர் விலகினார். அவர் காலத்தில் அவருடைய கையெழுத்துடன் ஒரு நோட்டாவது வெளிவரவில்லை. தேசத்தின் பாங்குக்கு முதல் கவர்னராயிருந்தும் நோட்டில் பெயர் இல்லாமல் போன விசித்திரம் அவருடையது.

அவர் போன பின்பு வந்த யுத்தத்தில், வட்டியின் கடிவாளம் அந்நிய சர்க்காரின் கையில் இருப்பதன் பொருள் ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் இந்தியாவில் யுத்தத் தளவாடங்களையும் தானியங்களையும் துணிகளையும் வாங்கிக் குவித்தது. அவற்றின் கிரயம் லண்டனிலே ஸ்டெர்லிங்காக வரவு வைக்கப்பட்டது. அந்த வரவை ஆதாரமாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது. யுத்தம் ஆரம்பித்தபோது சுமார் 180 கோடி ரூபாய்க்கு இருந்த நோட்டுப் புழக்கம், யுத்தம் முடிந்தபோது 1,100 கோடிக்கு மேலே போய்விட்டது. சாமான்கள் கப்பலேறின, நோட்டுகள் தங்கின. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிற்று. 1943-ல் வங்காளத்தில் லட்சோபலட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள். நோட்டுப் பெருக்கம் அரிசி விலையை ஏற்றியது அந்தப் பயங்கரத்தின் காரணங்களில் ஒன்று.

இவ்வளவு நடந்தும் பாங்க் ரேட் மூன்று சதவிகிதமாகவே இருந்தது. விலைவாசி ஏறும்போது வட்டியை ஏற்றிப் பணத்தை இறுக்குவதுதான் மத்திய பாங்குகளின் வழக்கமான மருந்து. ஆனால் வட்டி ஏறினால் சர்க்கார் வாங்கும் யுத்தக் கடனுக்கும் வட்டி ஏறுமல்லவா? அதனால் மருந்துப் புட்டி அலமாரியிலேயே இருந்தது. 1939-ல் ஆயிரம் ரூபாயை மூன்று சதவிகிதத்தில் போட்டு வைத்த ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் ஆறு வருஷம் கழித்து வட்டிக்கு வட்டியாக 1,194 ரூபாய் பெற்றிருப்பார். அதைக் கொண்டு அவர் வாங்கக்கூடிய பண்டம் 1939-ன் 600 ரூபாய்ப் பண்டத்துக்கும் குறைவு. வரி என்ற பெயர் இல்லாமலே அவரிடம் வசூலிக்கப்பட்ட வரி அது. சிக்கனமாயிருந்து சேமித்தவர்களே அதிகம் இழந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கத்தான் செய்கிறது.

1943-ல் ஸ்ரீ சி. டி. தேஷ்முக் கவர்னரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1949 ஜனவரி 1-ந் தேதி ரிசர்வ் பாங்கு தேச உடைமையாயிற்று. அதே வருஷம் ஜூலையில் ஸ்ரீ பெனகல் ராமராவ் கவர்னர் பதவி ஏற்றார்.

அரை சதவிகிதத்தின் விலை

ஸ்ரீ ராமராவ் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தவர், ஐ. ஸி. எஸ். உத்தியோகஸ்தர், அமெரிக்காவில் நமது ஸ்தானிகராக இருந்தவர். அரசியல் நிர்ணய வேலையில் பேர் பெற்ற ஸ்ரீ பி. என். ராவின் சகோதரர். 1951 நவம்பரில் அவர் ஒரு துணிகரமான காரியம் செய்தார். 16 வருஷமாகத் தூங்கிய பாங்க் ரேட்டை மூன்றிலிருந்து மூன்றரையாக ஏற்றினார். அத்துடன், பாங்குகளுக்குப் பருவ காலத்தில் பணம் தேவைப்படும்போது அவற்றின் சர்க்கார் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை, விசேஷ சந்தர்ப்பம் தவிர, நிறுத்திக்கொள்வதாகவும் அறிவித்தார். பத்திரங்களைக் கேட்ட மாத்திரத்தில் வாங்கிக்கொண்டிருக்கும் வரை எந்தப் பாங்கும் ரிசர்வ் பாங்கின் வட்டியை மதிக்க வேண்டிய அவசியமில்லை. பின்கதவைச் சாத்திய பிறகுதான் முன்கதவின் பூட்டுக்கு மரியாதை! பத்திரங்களின் விலை இறங்கியது, பணம் இறுகிற்று. கொரியா யுத்தத்தால் ஏறியிருந்த விலைகளும் இறங்கின. உலகமெங்கும் அப்போது விலை இறங்கிற்று என்பதால் முழுப் புகழையும் வட்டிக்கே கொடுக்க நாம் தயாராயில்லை. ஆனால் கடிவாளம் வேலை செய்யும் என்பது ஊர்ஜிதமாயிற்று.

பின்கதவுக்குப் பதிலாக 1952 ஜனவரியில் உண்டிச் சந்தைத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. வியாபாரிகளுக்குப் பாங்குகள் கொடுத்த கடனைத் தவணை உண்டிகளாக மாற்றி, அவற்றை ரிசர்வ் பாங்கில் ஈடு வைத்துப் பணம் பெறலாம். ஆரம்பத்தில் இதற்கு வட்டியில் அரை சதவிகிதம் சலுகை. 1956-ல் அந்தச் சலுகை படிப்படியாக நீக்கப்பட்டது. உண்டி என்றால் அதற்கு முத்திரை வரி உண்டு. இந்தச் சிறிய முத்திரைதான் பெரிய கலகத்துக்கு வித்தாயிற்று.

1956-ல் தேஷ்முக் நிதி மந்திரி பதவியிலிருந்து விலகவே, நமது சென்னையின் ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி அந்த இடத்துக்கு வந்தார். கூர்மையான புத்தி; அதைவிடக் கூர்மையான நாக்கு. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கி, அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த சமயம் அது. அவர் வருஷக் கடைசியில் கொண்டுவந்த வரிப் பிரேரணைகளில் உண்டிகளின் முத்திரை வரியைப் பல மடங்கு உயர்த்தும் பிரேரணையும் ஒன்று. பார்வைக்கு அது ஒரு வரி. உண்மையில், உண்டியின் பேரில் ரிசர்வ் பாங்கில் கடன் வாங்கும் பாங்குகளுக்கு அதனால் செலவு அரை சதவிகிதம் போல் ஏறியது. பாங்க் ரேட் காகிதத்தில் மூன்றரை, காரியத்தில் நாலு!

அதாவது, கவர்னர் செய்ய வேண்டிய காரியத்தை மந்திரி வரிச் சட்டத்தின் மூலம் செய்துவிட்டார். ஸ்ரீ ராமராவ் இதை ஆட்சேபித்தார். வட்டியை நிர்ணயிப்பது சட்டப்படி பாங்கின் வேலை; வரியின் வேஷத்தில் வட்டியை ஏற்றுவது முறையல்ல என்பது அவர் வாதம். பாங்கின் மத்திய போர்டும் இது பற்றித் தீர்மானம் செய்தது. நிதி மந்திரியோ, ரிசர்வ் பாங்கு நிதி இலாகாவின் ஒரு பிரிவே என்ற கருத்தில் பேசினார். அந்தப் பாங்குக்குச் சிந்திக்கும் சக்தி உண்டா என்றுகூடக் கேலி செய்தாராம். விவகாரம் பிரதம மந்திரியிடம் போயிற்று. பாங்கு சர்க்காருக்கு ஆலோசனை சொல்லலாம், ஆனால் சர்க்காரின் கொள்கைக்கு மாறாக நடக்க முடியாது என்ற முறையில் பண்டித நேரு பதில் எழுதினார். 1957 ஜனவரியில் ஸ்ரீ ராமராவ் ராஜிநாமா செய்தார். ஏழரை வருஷம் அப்பதவியிலிருந்தவர் அவர். அவ்வளவு நீண்ட காலம் வேறு எவரும் அதில் இருந்ததில்லை.

இந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம்? ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரியின் பேச்சு, நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரியின் பேச்சைக் காட்டிலும் உயர்ந்ததல்லவா என்று கேட்கலாம். அது அலட்சியம் செய்யக்கூடிய கேள்வியல்ல. ஆஸ்பர்ன் ஸ்மித்தை அடக்கியது அந்நிய ஏகாதிபத்தியம். ராமராவை அடக்கியது நமது சொந்தப் பார்லிமெண்டின் மந்திரி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியோம். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். தேசத்திலேயே பெரிய கடன்காரர் சர்க்கார். கடன் வாங்குகிறவரே வட்டியையும் சொல்வதானால், எந்தக் கொடுக்கல் வாங்கலில் அது நியாயமாகும்? வட்டியைப் பற்றிய அதிகாரம் பகிரங்கமாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். முத்திரைத் தாளின் பின்னால் ஒளிந்திருக்கலாகாது. இந்த அளவில் ஸ்ரீ ராமராவின் கட்சியே சரியென்று நமக்குத் தோன்றுகிறது. 1957 மே மாதத்தில், புதிய கவர்னர் ஸ்ரீ ஹெச். வி. ஆர். ஐயங்காரின் காலத்தில், பாங்க் ரேட் நாலு சதவிகிதமாக உயர்ந்தது. முத்திரை வரி குறைக்கப்பட்டது. முதலிலேயே நேர்வழியில் போயிருந்தால் ஒரு கவர்னர் மிஞ்சியிருப்பார்.

கிராமத்துக்கு எட்டாத எண்

மும்பையிலும் டில்லியிலும் அரை சதவிகிதத்துக்காக இவ்வளவு அமர்க்களம் நடந்த அதே காலத்தில், குடியானவர் என்ன வட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்? ரிசர்வ் பாங்கு 1951-52-ல் நாடு முழுவதும் கிராமக் கடன் நிலைமையை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1954-ல் வெளியாயிற்று. குடியானவர்கள் வாங்கிய கடனில் நூற்றுக்கு எழுபது பங்கு லேவாதேவிக்காரர்களிடம் வாங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது மூன்று பங்கு. வர்த்தக பாங்குகள் கொடுத்தது ஒரு பங்குகூட இல்லை. ஏரியில் மதகை ஏற்றினாலென்ன, இறக்கினாலென்ன? வாய்க்காலே வெட்டாத வயலுக்குத் தண்ணீர் ஏது? இந்த அறிக்கையின் பலனாகவே 1955 ஜூலையில் இம்பீரியல் பாங்கு ஸ்டேட் பாங்காக மாறிக் கிராமங்களை நோக்கிக் கிளைகளைத் திறக்கலாயிற்று. இன்றுங்கூட, தெருவோரத்தில் காய்கறி விற்கும் அம்மாள் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடனுக்கு, ரெப்போ விகிதம் எந்த மூலைக்கு?

பிற்காலம்

1955-ல் சர்க்காருக்கும் பாங்குக்கும் ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின்படி, சர்க்காரின் இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், தற்காலிக உண்டிகளின் பேரில் ரிசர்வ் பாங்கு தானாகவே பணம் எழுதிக் கொடுத்துவிடும். தற்காலிகம் என்று பெயர். நாற்பது வருஷம் நீடித்தது. ஒரு பக்கம் சர்க்காருக்காக மதகு திறந்தே கிடக்க, இன்னொரு பக்கம் அந்த வெள்ளத்தைத் தடுக்கப் பாங்குகளின் பணத்தைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. 1990-ல் பாங்குகள் தங்கள் டிபாசிட்டில் 15 சதவிகிதத்தை ரொக்க இருப்பாகவும், 38.5 சதவிகிதத்தைப் பெரும்பாலும் சர்க்கார் பத்திரங்களாகவும் வைத்திருக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாயில் பாதிக்கு மேல் போய்விட்டால், மீதியைக் கேட்டு வருபவர் அதிக வட்டி கொடுக்காமல் என்ன செய்வார்? 1991 அக்டோபரில் பாங்க் ரேட் 12 சதவிகிதத்தை எட்டிற்று.

இந்த முடிச்சை அவிழ்த்த பெருமையில் பெரும்பங்கு தமிழரான கவர்னர் ஸ்ரீ சி. ரங்கராஜனைச் சேரும். 1994 செப்டம்பரில் அவர் காலத்தில், டாக்டர் மன்மோகன் சிங் நிதி மந்திரியாயிருக்கையில், அந்தத் தற்காலிக உண்டிகளைப் படிப்படியாக ஒழிக்க ஒப்பந்தமாயிற்று. 1997 ஏப்ரல் முதல் அவை ஒழிந்தன. 2000 ஜூனில் இன்றைய ரெப்போ முறைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அதற்கு முன்பு பாங்க் ரேட் என்பது பெரும்பாலும் ஓர் அறிவிப்பு. அதற்குப் பிறகு தினந்தோறும் நடக்கும் வியாபாரம்.

2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. வட்டியைத் தீர்மானிப்பது இப்போது கவர்னர் ஒருவரின் காரியமல்ல. பாங்கிலிருந்து மூவர், சர்க்கார் நியமிக்கும் வெளியார் மூவர், ஆக அறுவர் வாக்களிக்கிறார்கள். வாக்குகள் சமமானால் கவர்னருக்கு இன்னொரு வாக்கு. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார், ஏன் என்பது கூட்டம் முடிந்த பதினாலாம் நாள் பகிரங்கமாகிறது. விலைவாசி ஏற்றத்தை வருஷத்துக்கு 4 சதவிகிதத்தில், இரண்டு கூடலாம் இரண்டு குறையலாம் என்ற வரம்புக்குள் நிறுத்த வேண்டும் என்று இலக்கும் சர்க்காரால் குறிக்கப்பட்டது. எங்கே போக வேண்டுமென்பதை மந்திரி சொல்வார். குதிரையை எப்படி ஓட்டுவதென்பதை அறுவர் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. கொள்ளைநோயின் போது, 2020 மே மாதத்தில், ரெப்போ விகிதம் 4 சதவிகிதமாக இறக்கப்பட்டது. இரண்டு வருஷம் அங்கேயே நின்றது. 2022-ல் உக்ரேன் யுத்தத்தால் எண்ணெயும் கோதுமையும் விலையேறியபோது, மே 4-ந் தேதி, குறித்த காலத்துக்கு முன்பே அறுவரும் கூடி விகிதத்தை 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆகிவிட்டது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவிகிதம்! வீட்டுக் கடன் வாங்கிய அநேகருக்கு மாதத் தவணை ஏறவில்லை. அதற்குப் பதிலாக, பத்து வருஷத்தில் முடிய வேண்டிய கடன் சுமார் பன்னிரண்டு வருஷம் என்று நீண்டது. கணக்கு அட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் பலர். டிபாசிட்டில் ஜீவிக்கும் பெரியவர்களோ வெகு காலத்துக்குப் பிறகு சற்றே புன்னகை செய்தார்கள். 2025-ல் அது மறுபடியும் இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50-க்கு வந்தபோது, வீட்டில் பெருமூச்சும் நிம்மதியும் இடம் மாறிக்கொண்டன.

தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இலக்கின் வரம்பை மீறினால், ஏன் தவறிற்று என்றும், எப்போது சரியாகும் என்றும் ரிசர்வ் பாங்கு சர்க்காருக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமென்பது 2016 சட்டத்தின் நிபந்தனை. 2022-ல், ஜனவரி முதல் செப்டம்பர் வரை, விலைவாசி ஏற்றம் ஆறு சதவிகிதத்துக்கு மேலேயே இருந்தது. நவம்பரில் அறுவரும் இதற்கென்றே கூடினார்கள், விளக்கமும் அனுப்பப்பட்டது. ஜனங்களின் சேமிப்பையும் கடனையும் பற்றிய அந்தக் கடிதத்தை ஜனங்கள் பார்க்கலாமா என்று பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. வெளியிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.